ஆற்றுக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள ஐயாவுக்கு,

மடிப்பாக்கத்தில் ஒரு வீட்டின் முதல் மாடியில் நானும் அம்மாவும் குடியிருக்கிறோம். கீழே வீட்டுக்காரரும் அவர் மனைவியும். எங்களிடம் சுக்கு என்றொரு பூனை இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, பழைய வீட்டின் மாடிப்படியில் வெள்ளத்துக்குப் பயந்து ஏறி உட்கார்ந்திருந்த குட்டி. இந்த வீட்டுக்கு வந்து பத்து மாதமாகிறது. பூனை இருப்பதை வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. சொன்னால் வீடு கிடைக்காது என்பதை அதற்கு முன் மூன்று இடங்களில் பட்டுத் தெரிந்துகொண்டிருந்தோம். போன வாரம் அவர் சன்னலில் பார்த்துவிட்டார். படியில் என்னை நிறுத்தி, "பூனை வைத்திருக்கிறீர்களா? சொல்லவே இல்லையே" என்றார். அன்றிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமில்லை. அடுத்த மாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். சட்டம் எங்கள் பக்கம் இருக்கிறதா? பெசன்ட் நகரில் மீன் கடைகள் பக்கம் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்கிறாள் என் தோழி. அது பாவமா? நாய்க்கு இடமில்லாத சொர்க்கம் எனக்கும் வேண்டாம் என்ற தருமரின் கதையைச் சொல்லும் நாட்டில் வீட்டுக்காரர்கள் ஏன் இப்படி இரக்கமில்லாமல் இருக்கிறார்கள்?

க., மடிப்பாக்கம்

அன்புள்ள க.,

தருமரை விட்டுவிடுங்கள். அவர் அட்வான்ஸ் கொடுக்கவில்லை, 11 மாத ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடவில்லை. வீட்டுக்காரர்களின் இரக்கத்தைப் பற்றியும் என்னிடம் கேட்காதீர்கள். நானும் ஒரு சின்ன வீட்டுக்காரன். உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சட்டம். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலை உங்களுக்கு யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார்கள். அது குடியிருப்போர் சங்கங்களுக்குச் சொன்னது. செல்லப் பிராணி வளர்ப்பதைச் சங்கம் தடுக்கக் கூடாது, பெரும்பான்மையோர் கூடித் தீர்மானம் போட்டாலும் செல்லாது என்கிறது. கேரள உயர் நீதிமன்றமும் 2021இல் சங்கங்களைப் பார்த்து ஏறக்குறைய இதையே சொன்னது. உங்கள் வீட்டுக்காரர் சங்கம் அல்ல, தனி மனிதர். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. குடியிருப்பவரை எந்தெந்தக் காரணங்களுக்காக வெளியேற்றலாம் என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. வாடகை பாக்கி, உள்வாடகைக்கு விடுவது, வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது, உரிமையாளரின் சொந்தத் தேவை என்று போகும் அந்தப் பட்டியலில் பூனை இல்லை. ஆனால் காலம் முடிந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டேன் என்று ஒருவர் சொன்னால், பூனையைத் தூக்கிக் காட்டி அவரிடம் என்ன வாதாடுவீர்கள்? அதே சட்டம், வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலொழிய மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றும் சொல்கிறது. சென்னையில் எல்லாரும் வேறுவிதமாகத்தான் ஒப்புக்கொள்கிறோம். மேற்கொண்டு வேண்டுமானால் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பூனையை அனுப்பிவிடுங்கள் என்று உங்கள் வீட்டுக்காரர் சொன்ன இடத்தைத் தேடினேன். அப்படி ஓர் இடமே இல்லை. "பூனை வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறார். "சொல்லவே இல்லையே" என்று வருத்தப்பட்டிருக்கிறார். அவ்வளவுதான். அதிலிருந்து ஒரே வாரத்தில் சட்டம், பாவம், பெசன்ட் நகர், சொர்க்கம் வரை போய்விட்டீர்கள். அவர் இன்னும் மாடிப்படியில்தான் நிற்கிறார்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தக் காது எனக்குப் பழக்கமான காது. என் அப்பாவுடையது.

1981இல் நாங்கள் ஸ்ரீரங்கத்தில் வடக்குச் சித்திரை வீதியில் ஒண்டுக்குடித்தனம் இருந்தோம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று ரயில் பெட்டிபோல் நீண்டு கிடக்கும் வீடு. உள்ளே நான்கு குடித்தனங்கள், ஒரு கிணறு, ஒரு கழிப்பறை. முன்கட்டில் வீட்டுக்கார மாமி தனியாக இருந்தார். நல்ல மனுஷி, குரல்தான் கொஞ்சம் கனம். அப்பா பெரிய கடை வீதியில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கெழுதினார். அந்த வீட்டில் இருந்த ஆறு வருடமும் நாங்கள் சுவரில் ஓர் ஆணிகூட அடித்ததில்லை. காலண்டர் சன்னல் கம்பியில் தொங்கும். ஆணி அடிக்கக் கூடாது என்று மாமி சொன்னாரா என்று பின்னாளில் அம்மாவிடம் கேட்டேன். "சொன்னால்தானா?" என்றார். ஊரிலிருந்து சித்தப்பா வந்தால், மாமி வாயைத் திறப்பதற்கு முன்பே அப்பா ரேழிக்குப் போய், "வெள்ளிக்கிழமை போய்விடுவான் மாமி" என்று சொல்லிவிட்டு வருவார். சித்தப்பாவுக்கே அந்தத் தேதி அப்போதுதான் தெரியும்.

எங்களிடம் ஒரு பூனை இருந்தது. சாம்பல் நிறம், ஒரு காதின் நுனி கிழிந்திருக்கும். பெயரெல்லாம் கிடையாது. அது சினையாக இருந்த சமயம், ஒரு மாலை அப்பா கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். மாமி முற்றத்தில் நின்று, "என்ன, வயிறு இவ்வளவு பெரிதாக இருக்கிறதே? எப்போது போடும்?" என்றார். அப்பா சொன்ன பதில்: "பார்க்கிறேன் மாமி."

கேள்வியையும் பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கிறதா?

மறுநாள் காலையில் அப்பா பூனையைக் கித்தான் பைக்குள் வைத்து வாயைச் சணலால் கட்டினார். பள்ளிக்கூடம் விடுமுறை, அதனால் நானும் கூடப் போனேன். ஒன்பது வயது. பஸ்ஸில் எனக்கு சன்னலோரம். காவிரிப் பாலம் ஏறும்வரை பைக்குள் சத்தமே இல்லை. பாலத்தின் நடுவில் ஆற்றுக்காற்று உள்ளே அடித்ததும் அது கத்த ஆரம்பித்தது. குழந்தை அழுவதுபோல இருந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் வந்து பையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டால் திரும்பி வராது சார்" என்றார். எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்று யாருக்கும் யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. அந்தப் பாலத்தில் எத்தனை கித்தான் பைகளை அவர் பார்த்திருப்பாரோ.

காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டிகளுக்குப் பின்னால் ஒரு சந்து. அப்பா குந்தி உட்கார்ந்து சணலை அவிழ்த்தார். பூனை ஓடவில்லை. பைக்குள்ளேயே உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. பையைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டியிருந்தது. கீழே விழுந்ததும், சினைப் பூனை எப்படி நடக்குமோ அப்படி, மெதுவாக ஒரு சாக்கு மூட்டையின் அடியில் போய் ஒண்டிக்கொண்டது. ஒண்டுக்குடித்தனம் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூட்டைதான் நினைவுக்கு வருகிறது. திரும்பும்போது அப்பா ஒரு பன்னீர் சோடா வாங்கித் தந்தார். நான் குடித்தேன். முழுவதையும் குடித்தேன்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து மாமி அம்மாவிடம், "குட்டி போட்டதா? ஒன்றை நான் எடுத்துக்கொள்கிறேன், முன்கட்டில் எலி தாங்கவில்லை" என்றார். அம்மா என்ன சொன்னார் என்று எனக்கு நினைவில்லை. அப்பாவிடம் இதைச் சொன்னாரா என்பதும் தெரியாது. சொல்லியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

ஆக, பெசன்ட் நகர் கேள்விக்கு என் பதில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் அந்தத் தோழியை நான் சும்மா விடப்போவதில்லை. மீன் இருக்கும் இடத்தில் பூனை பிழைத்துக்கொள்ளும் என்பது பூனையைப் பற்றித் தெரியாதவர்கள் தங்கள் மனத்தை ஆற்றிக்கொள்வதற்காகச் சொல்வது. அங்கே ஏற்கெனவே பூனைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தன் எல்லை உண்டு. வீட்டுக்குள் வளர்ந்து, பீங்கான் தட்டில் தின்று, உங்கள் அம்மாவின் புடவைத் தலைப்பில் தூங்கிய சுக்கு அந்த எல்லைக்குள் நுழைந்தால் முதல் இரவே கிழிபடும். நாய்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சட்டம் கேட்டீர்களே, இதற்கும் ஒரு சட்டம் இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, பசியாலும் தாகத்தாலும் வாடும்படி ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. முதல் முறை செய்தால் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை அபராதம். மடிப்பாக்கத்திலிருந்து பெசன்ட் நகருக்கு ஆட்டோவுக்கே அதைப்போலப் பல மடங்கு கொடுப்பீர்கள். அந்தத் தொகையைப் பார்த்துச் சிரிப்பு வரும். பாவமா என்று கேட்டீர்கள். 44 வருடத்துக்கு முன்பு குடித்த சோடாவின் ருசி எனக்கு இன்னும் போகவில்லை, அதைத்தான் என்னால் சொல்ல முடியும்.

இப்போது திட்ட வேண்டியதைத் திட்டிவிடுகிறேன். ஒளித்தது தவறு. மூன்று வீடு மறுத்தார்கள் என்கிறீர்கள். நான்காவது வீடும் மறுத்திருக்கலாம். மறுப்பதற்கு அந்த மனிதருக்கு ஒரு வாய்ப்பாவது கொடுத்திருக்க வேண்டும். பத்து மாதம் பூனையை ஒளித்து வளர்ப்பது லேசான வேலையா? சன்னல் சாத்தியே இருந்திருக்கும். மணல் தட்டைக் கொட்ட இரவில் இறங்கியிருப்பீர்கள். பூனை கத்தினால் அம்மா டிவியின் சத்தத்தைக் கூட்டியிருப்பார். பூனைக்கும் நிம்மதியில்லை, உங்களுக்கும் இல்லை. ஓய்வுபெற்ற மனிதர், இருக்கிற சேமிப்பையெல்லாம் போட்டுக் கட்டிய வீடாக இருக்கும். தேக்குக் கதவில் கீறல் விழுந்தால் அவருக்கு வயிறு எரியும். அது இரக்கமின்மை ஆகாது. இன்னொன்றையும் யோசியுங்கள். ஒளித்து வைத்தது தெரிந்துவிட்ட வீட்டுக்காரர், பூனை வைத்திருக்கும் அடுத்த ஆள் வாசலில் வந்து நின்று உண்மையைச் சொன்னாலும் கேட்கமாட்டார். உங்களுக்கு முன்னால் யாரோ ஒளித்ததால்தான் அந்த மூன்று கதவுகளும் சாத்தப்பட்டனவோ என்னவோ.

இன்று மாலை கீழே போங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், பூனையை வேண்டாம். "சொல்லாமல் இருந்தது தப்பு" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் புயல் கதையை ஆரம்பிக்காதீர்கள். கருத்தடை செய்தாகிவிட்டதா, வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டாகிவிட்டதா என்று அவர் கேட்கக்கூடும். செய்யவில்லையென்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்ச் செய்துவிட்டு, அந்தச் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். சன்னலுக்குக் கம்பி வலை உங்கள் செலவு. நகம் தீட்டச் சணல் கயிறு சுற்றிய ஒரு கட்டை போதும், கதவை விட்டுவிடும். காலி செய்யும்போது பூனையால் ஏதாவது கெட்டிருந்தால் அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளலாம் என்று புதிய ஒப்பந்தத்தில் நீங்களே எழுதச் சொல்லுங்கள். இவ்வளவுக்கும் பிறகு அவர் முடியாது என்றால் வேறு வீடு பாருங்கள். பார்க்கும்போது வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் பூனையைச் சொல்லுங்கள்.

என் கதைக்கு வருகிறேன். திருச்சியில் எனக்கு ஒரு சின்ன வீடு இருக்கிறது. ஓர் இளம் தம்பதி குடியிருக்கிறார்கள். போன மாதம் குளியலறையில் தண்ணீர் கசிகிறது என்று கூப்பிட்டார்கள், பிளம்பரோடு போயிருந்தேன். மிதியடியில் பழுப்பு முடி. சமையலறை வாசலில் ஓர் எவர்சில்வர் கிண்ணம், பாதி தண்ணீர். "நாய் இருக்கிறதா?" என்று கேட்டேன். பேச்சுக்குத்தான் கேட்டேன். எனக்கு நாய் பிடிக்கும். அந்தப் பையனின் முகம் மாறியதைக் கவனித்தேன், ஆனால் குழாயில் மும்முரமாக இருந்துவிட்டேன். இந்த மாதம் ஐந்தாம் தேதி வாடகை வந்தது. கூடவே ஒரு வரிச் செய்தி: "நாய் இப்போது இல்லை சார்."

ஊருக்கு அனுப்பியிருக்கலாம். நண்பர் வீட்டில் விட்டிருக்கலாம். திருச்சியில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்றால் ஸ்ரீரங்கம்.

அந்தச் செய்திக்குக் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டேன், பழக்க தோஷத்தில். அனுப்பிய பிறகுதான் படித்தேன். மறுநாள் உங்கள் கடிதம் வந்தது. அவனுக்கு இன்னும் போன் செய்யவில்லை.