இங்கிலீஷ்னா எந்த ஊரு இங்கிலீஷ்? கம்ப்யூட்டர் லாங்க்வேஜ் செட்டிங்ஸ் கேள்வி பதில்

கேள்விங்க எல்லாத்தையும் படிச்சேன், பாதிக்கு மேல ஒரே குழப்பம்தான். விண்டோஸ்ல லாங்க்வேஜ்னா ஏதோ ஒரே ஒரு ஸ்விட்ச்னு நெனச்சுக்கிறீங்க. அப்படி இல்ல. மெனு எல்லாம் எந்த மொழியில தெரியணும்ங்கறது ஒண்ணு, கீபோர்டு எந்த லேஅவுட்ங்கறது ஒண்ணு, தேதி, கமா, ரூபாய் எல்லாம் எப்படி வரணும்ங்கற ரீஜனல் ஃபார்மேட் ஒண்ணு, ஸ்பெல்லிங் பாக்கறது தனியா ஒண்ணு. நாலும் நாலு இடத்துல இருக்கு. நான் விண்டோஸ் 11ஐ வெச்சு சொல்றேன், 10லயும் கிட்டத்தட்ட அதே இடங்கதான்.

கேள்வி: அண்ணா, ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அடிக்கிறேன், கைடு பிரிட்டிஷ் ஸ்பெல்லிங்லதான் வேணும்னு சொல்றாங்க. விண்டோஸ்ல இங்கிலீஷ் யூகே மாத்திட்டேன், ஆனா வேர்டுல கலர்ல யூ போட்டா இன்னும் சிவப்பு கோடு வருது.

தம்பி, வேர்டு விண்டோஸ் பேச்ச முழுசா கேக்காது, அதுக்கு தனி ப்ரூஃபிங் லாங்க்வேஜ், அதாவது ஸ்பெல்லிங் பாக்கற மொழி, இருக்கு. கன்ட்ரோல் ஏ போட்டு மொத்தத்தையும் செலக்ட் பண்ணிட்டு ரிவ்யூ டேப், லாங்க்வேஜ், செட் ப்ரூஃபிங் லாங்க்வேஜ் போ, அங்க யூகேவோ இந்தியாவோ எடு. அதே பெட்டியில டிடெக்ட் லாங்க்வேஜ் ஆட்டோமேட்டிக்கலினு ஒரு டிக் இருக்கும், அத எடுத்துடு, இல்லன்னா நீ மாத்தின பத்து நிமிஷத்துல அது பாட்டுக்கு யூஎஸ்க்கு திரும்பிடும். செட் ஆஸ் டிஃபால்ட் கொடுத்தா அடுத்த ஃபைல்லேர்ந்து தொல்லை இல்ல.

இதுல இன்னொரு வில்லங்கம், நெட்லேர்ந்தோ ஃப்ரெண்டு ஃபைல்லேர்ந்தோ காப்பி பண்ணி ஒட்டற பாரா அதோட பழைய மொழி மார்க்க கூடவே தூக்கிட்டு வரும். ஒரே பக்கத்துல மூணு பாரா யூகே, நடுவுல ஒண்ணு மட்டும் யூஎஸ்னு நிக்கும். எந்த இடத்துலயாவது கர்சர வெச்சு கீழ ஸ்டேட்டஸ் பார பாரு, அந்த பாரா எந்த இங்கிலீஷ்னு அங்கயே எழுதியிருக்கும்.

கேள்வி: சார், நேத்து இங்கிலீஷ் யூகே ஆட் பண்ணேன். இன்னிக்கு காலைல பாஸ்வேர்டே எடுக்கல! அதுல அட் சின்னம் இருக்கு. கரெக்டா தான் அடிக்கிறேன்.

இதுக்கு பயப்படவே வேணாம் மேடம், யூகே ஆட் பண்ற எல்லாருக்கும் நடக்கறதுதான். மொழிய ஆட் பண்ணா விண்டோஸ் கேக்காமலே அதோட கீபோர்டையும் சேர்த்துடும். பிரிட்டிஷ் லேஅவுட்ல ஷிஃப்ட் 2 அடிச்சா " வரும், @ வேணும்னா என்டர் பக்கத்துல இருக்கற மேற்கோள் கீய ஷிஃப்டோட அடிக்கணும். ஷிஃப்ட் 3 அடிச்சா £ வரும். நம்ம ஊர்ல விக்கற லேப்டாப்ல எல்லாம் கீ மேல அச்சடிச்சிருக்கறது அமெரிக்கன் லேஅவுட்தான், அதனால கண்ணு ஒண்ணு பாக்குது, கம்ப்யூட்டர் ஒண்ணு எழுதுது.

லாக் ஸ்க்ரீன்ல பாஸ்வேர்ட் பெட்டியில கண்ணு மாதிரி ஒரு ஐகான் இருக்கும், அத அமுக்கிப் பிடிச்சா நீங்க அடிச்சது தெரியும், @ இருக்க வேண்டிய இடத்துல " நிக்கறத பாப்பீங்க. வலது கீழ் ஓரத்துல கீபோர்டு பேர் இருக்கும், அத யூஎஸ்க்கு மாத்திட்டு உள்ள போங்க. போனதும் செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்க்வேஜ், லாங்க்வேஜ் அண்ட் ரீஜன். இங்கிலீஷ் யூகே பக்கத்துல மூணு புள்ளி, லாங்க்வேஜ் ஆப்ஷன்ஸ், அங்க யூஎஸ் கீபோர்ட ஆட் பண்ணிட்டு யூகே கீபோர்ட ரிமூவ் பண்ணிடுங்க. மொழி யூகே, கீபோர்டு யூஎஸ், ரெண்டும் சண்டை போடாம இருக்கும்.

கேள்வி: அண்ணே, பேங்க் ஸ்டேட்மென்ட் சிஎஸ்வியா இறக்கி எக்செல்ல திறந்தா தேதியெல்லாம் தாறுமாறா இருக்கு. பேங்க் தப்பா குடுக்குதா?

பேங்க் மேல தப்பு இல்ல, உங்க ரீஜனல் ஃபார்மேட் யூஎஸ்ல இருக்கு. தேதி இருக்கற அந்த செங்குத்து வரிசைய ஒருதடவ நல்லா பாருங்க. 13ஆம் தேதிலேர்ந்து மாசக் கடைசி வரைக்கும் இருக்கற தேதியெல்லாம் செல்லுல இடது பக்கம் ஒட்டிட்டு நிக்கும், 1லேர்ந்து 12 வரைக்கும் இருக்கறது வலது பக்கம் நிக்கும். இடது பக்கம் நின்னா எக்செல் அத தேதியாவே ஏத்துக்கல, வெறும் எழுத்தா வெச்சிருக்குனு அர்த்தம், ஏன்னா 13ஆவது மாசம்னு ஒண்ணு கிடையாதே. வலது பக்கம் நிக்கறதுதான் நெஜமான ஆபத்து. 03/04/2025ங்கறது நமக்கு ஏப்ரல் 3, அது மார்ச் 4னு எடுத்துக்கிட்டு சத்தம் காட்டாம உக்காந்துடும், நீங்க மாச வாரியா டோட்டல் போடும்போது மார்ச்ல இல்லாத செலவு மார்ச்ல வரும்.

லாங்க்வேஜ் அண்ட் ரீஜன்லயே கீழ ரீஜனல் ஃபார்மேட்னு இருக்கு, அத இங்கிலீஷ் இந்தியானு மாத்துங்க. எக்செல்ல முழுசா மூடிட்டு, ஒரிஜினல் சிஎஸ்விய திரும்ப திறங்க. ஏற்கனவே கெட்டுப்போன ஷீட்ட வெச்சு சரி பண்ண உக்காராதீங்க, ஏன்னா இடது பக்கம் நிக்கறத டெக்ஸ்ட் டு காலம்ஸ்ல தேதி, மாசம், வருஷம்னு சொல்லி மாத்திடலாம், ஆனா மாறிப்போய் வலது பக்கம் நிக்கறது எது நெஜம் எது பொய்னு பாத்த மாத்திரத்துல கண்டுபிடிக்க முடியாது. வெளிநாட்டு ஆளுங்களோட ஃபைல் மாத்திக்கறவங்க 2025-04-03னு வருஷத்த முன்னாடி போட்டு எழுதுங்க, எந்த ஊரு இங்கிலீஷ் செட்டிங்லயும் எக்செல் அத சரியா எடுத்துக்கும்.

கேள்வி: நான் சிங்கப்பூர்ல இருக்கேன். சென்னைல எங்க ஆடிட்டர் அனுப்பற ஷீட்ல 1,00,000னு கமா இருக்குனு அவர் சொல்றார், எனக்கு 100,000னு தெரியுது. யார் ஃபைல் சரி?

ரெண்டும் ஒரே ஃபைல்தாங்க. சாதாரண கமா ஃபார்மேட் போட்டா எக்செல் ஃபைலுக்குள்ள நம்பர மட்டும்தான் வெச்சிருக்கும், கமா எங்க விழணும்ங்கறத திறக்கற கம்ப்யூட்டரோட ரீஜன் செட்டிங் முடிவு பண்ணும். அவர் இந்தியால வெச்சிருக்கார், நீங்க சிங்கப்பூர்ல. உங்களுக்கும் லட்சக் கணக்குல வேணும்னா கன்ட்ரோல் பேனல், ரீஜன், அடிஷனல் செட்டிங்ஸ் போய் டிஜிட் குரூப்பிங்ல 12,34,56,789னு இருக்கறத எடுங்க. தேதி, டாலர் எல்லாம் சிங்கப்பூராவே இருக்கும், கமா மட்டும் நம்ம ஊருக்கு வந்துடும்.

யார் திறந்தாலும் லட்சம் கோடியாவே தெரியணும்னா செல்லுக்கே கஸ்டம் ஃபார்மேட் போடணும், இத அப்படியே ஒட்டிக்கங்க:

[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0

ஒரே குறை, மைனஸ் நம்பருக்கு இது வேலை செய்யாது. நஷ்டக் கணக்குல பழையபடி திறக்கற கம்ப்யூட்டரோட செட்டிங் கமாதான் வரும்.

கேள்வி: ₹ எப்படி அடிக்கிறது? ஒவ்வொரு தடவையும் கூகுள்ல தேடி காப்பி பண்றேன்.

இங்கிலீஷ் இந்தியா கீபோர்டு ஆட் பண்ணிட்டு வலது பக்க ஆல்ட்ட பிடிச்சுக்கிட்டு 4 அமுக்குங்க, வந்துடும். மத்த கீயெல்லாம் யூஎஸ் மாதிரியேதான், @ எல்லாம் இடம் மாறாது, அதனால நம்ம ஆளுங்க எல்லாருக்கும் நான் இந்த கீபோர்டதான் சொல்லுவேன். கீபோர்ட மாத்த இஷ்டம் இல்லன்னா வேர்டுல ஆல்ட்ட பிடிச்சுட்டு நம்பர் பேட்ல 8377 அடிச்சாலும் வரும்.

இந்த சின்னம் 2010 ஜூலைல அரசு ஏத்துக்கிட்டது, வரைஞ்சவர் நம்ம தமிழ்நாட்டுக்காரர் உதயகுமார். அதே வருஷம் அக்டோபர்ல எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துப் பட்டியலான யூனிகோட்லயும் வந்துடுச்சு. அதுக்கு நடுவுல 1 கீக்கு இடது பக்கம் இருக்கற பேக்டிக் கீல ரூபாய வெச்சு ஒரு ஃபான்ட் சுத்துச்சு, அந்தக் காலத்து கொட்டேஷன் ஃபைல்ல தொகைக்கு முன்னாடி ` தெரிஞ்சா காரணம் அதுதான்.

கேள்வி: லாங்க்வேஜ் மாத்தப் போனா ஒரே ஒரு டிஸ்ப்ளே லாங்க்வேஜுக்குதான் லைசென்ஸ்னு சொல்லுது ப்ரோ.

உங்களது ஹோம் சிங்கிள் லாங்க்வேஜ் எடிஷன். மெனு மொழி மட்டும்தான் பூட்டு, கீபோர்டு, ரீஜனல் ஃபார்மேட், வேர்டு ஸ்பெல்லிங் எல்லாம் தாராளமா மாத்தலாம். மெனு யூஎஸ்லேர்ந்து யூகே ஆனா அங்கங்க ஒரு எழுத்து மாறும், அவ்வளவுதான், அதுக்கு காசு செலவு பண்ணாதீங்க.

கேள்வி: ஐஇஎல்டிஎஸ் எழுதப் போறேன். பிரிட்டிஷ் ஸ்பெல்லிங் பழக எல்லாத்தையும் யூகே ஆக்கணுமா? ஆர்கனைஸ்ல இசட் போட்டாலும் வேர்டு தப்புனு சொல்லலயே?

ஐஇஎல்டிஎஸ்ல பிரிட்டிஷ், அமெரிக்கன் ரெண்டு ஸ்பெல்லிங்கும் ஏத்துப்பாங்கம்மா, ஒண்ணையே கடைசி வரை பிடிச்சுக்க. இசட் போடறது பிரிட்டிஷ்லயும் உண்டு, ஆக்ஸ்ஃபோர்டு டிக்ஷனரியே அப்படித்தான் எழுதுது, அதனால யூகே செட்டிங்ல ரெண்டும் பாஸ். எக்ஸாம் கம்ப்யூட்டர்ல சிவப்பு கோடு எதுவும் வராது, அதனால ப்ராக்டிஸ் பண்ணும்போது ஸ்பெல் செக்கயே ஆஃப் பண்ணிட்டு எழுது, அதுதான் உனக்கு உபயோகம்.

கேள்வி: ஸ்கூல் லேப் பாத்துக்கறேன் சார். என் லாகின்ல இந்தியானு மாத்தினது பசங்க லாகின்ல வரல.

இந்த செட்டிங் ஆளுக்கு ஆள் தனி. லாங்க்வேஜ் அண்ட் ரீஜன் பக்கத்துல கீழ அட்மினிஸ்ட்ரேட்டிவ் லாங்க்வேஜ் செட்டிங்ஸ் இருக்கும், அதுல காப்பி செட்டிங்ஸ். வெல்கம் ஸ்க்ரீன், நியூ யூசர் அக்கவுன்ட்ஸ் ரெண்டுலயும் டிக் போடுங்க. ஏற்கனவே இருக்கற லாகின்களுக்கு இது போகாது, அத ஒவ்வொண்ணா உக்காந்துதான் மாத்தணும். அதே இடத்துல நான்-யூனிகோட் (Non-Unicode) ப்ரோக்ராம்ஸ்னு ஒண்ணு இருக்கும், அதுல கை வைக்காதீங்க, பழைய சாஃப்ட்வேர் ஏதாவது ஓடிட்டிருந்தா எழுத்தெல்லாம் கொதறிடும்.

கேள்வி: குரோம்ல மெயில் அடிக்கும்போதும் யூஎஸ் ஸ்பெல்லிங்தான் கேக்குது. அப்புறம், மேக்ல தேதி, ரூபாய் எல்லாம் எங்க மாத்தணும்?

விண்டோஸ்னா குரோம் செட்டிங்ஸ், லாங்க்வேஜஸ், ஸ்பெல் செக். யூகேவ ஆன் பண்ணி யூஎஸ்ஸ ஆஃப் பண்ணுங்க, ரெண்டும் ஆன்ல இருந்தா எப்படி எழுதினாலும் விட்டுடும். கூகுள் டாக்ஸ்ல ஃபைல் மெனுல லாங்க்வேஜ் தனி. மேக்ல சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், லாங்க்வேஜ் அண்ட் ரீஜன், அங்க ரீஜன இந்தியா ஆக்கினா தேதி, ரூபாய் எல்லாம் வந்துடும்.

கேள்வி: பிரிண்டர் பேப்பர் இருக்கும்போதே லெட்டர் பேப்பர் போடுனு கத்துது. இதுவும் லாங்க்வேஜ் பிரச்சனையா?

கிட்டத்தட்ட. யூஎஸ் செட்டிங்ல வேர்டு மொதமொதல்ல ஓடியிருந்தா புது டாக்குமென்ட் எல்லாம் லெட்டர் சைஸ்ல திறக்கும், அது 216க்கு 279 மில்லிமீட்டர், நம்ம ஏ4 210க்கு 297. ரீஜன இப்ப மாத்தினா மட்டும் இது போகாது. லேஅவுட், சைஸ்ல ஏ4 எடுத்து, பேஜ் செட்அப் பெட்டியில செட் ஆஸ் டிஃபால்ட் கொடுங்க. பிரிண்டர் ப்ராபர்ட்டீஸ்லயும் ஏ4னு இருக்கானு ஒருதடவ பாத்துடுங்க, ஏன்னா அங்க லெட்டர்னு இருந்தா வேர்டுல என்ன மாத்தினாலும் கத்தல் நிக்காது.