சென்னைக் கடற்கரை யாருக்கு? வாசகர் கேள்வி – பதில்

சென்னைக் கடற்கரையைப் பொதுவெளியாகவும் உயிரினங்களின் வாழிடமாகவும் காப்பது குறித்து வாசகர்கள் கேட்டவற்றுள் ஆறு கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது.

கேள்வி: எங்கள் பகுதிக் கடற்கரையில் நடைபாதை, உயரமான மின்விளக்குக் கம்பங்கள், சிமென்ட் இருக்கைகள் எல்லாம் வரப்போவதாகப் பேசிக்கொள்கிறார்கள். முதியவர்களுக்கும் பெண்களுக்கும் அவை வசதிதானே? இதைக்கூட ஏன் சிலர் எதிர்க்கிறார்கள்? (திருவான்மியூர் வாசகி)

பதில்: வசதி வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது, அது மணலின் மேல் வர வேண்டுமா, சாலையோரத்தில் வர வேண்டுமா என்பதே கேள்வி. நடைபாதையும் இருக்கைகளும் கழிப்பறையும் ஏற்கெனவே உள்ள சாலையை ஒட்டி அமைந்தால் கடற்கரைக்கு ஒரு குறையும் நேராது. சாலைக்கும் அலைக்கும் நடுவே கிடக்கும் மணல்வெளி வேலையற்றுக் கிடக்கும் நிலமாகத் தோன்றினாலும், புயல் மாதங்களில் கடல் அரித்துக்கொண்டு போகும் மணலும் அமைதியான மாதங்களில் அது திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கும் மணலும் அங்கேதான் இருப்பாகின்றன. அடும்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் காற்றில் பறக்கும் மணலைப் பிடித்து மேடாக்குகின்றன. தூய்மைப் பணி என்ற பெயரில் குப்பையோடு சேர்த்து அந்தக் கொடிகளையும் வாரி எடுத்துவிட்டால், அடுத்த காற்றுக் காலத்தில் அந்த மணல் சாலைக்கும் வீட்டு வாசலுக்கும் வந்து சேர்வதைப் பார்க்கலாம்.

விளக்குகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பங்குனி ஆமைகள் ஏறத்தாழ ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி, ஒரு முறைக்கு நூறு முட்டைகள் அளவில் இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகின்றன. சுமார் 45 முதல் 60 நாட்களில் வெளிவரும் குஞ்சுகள், எந்தத் திசை வெளிச்சமாக இருக்கிறதோ அந்தத் திசையில் ஓடும் இயல்புடையவை. இருண்ட கரையில் அது கடலின் திசை. உயர்கம்ப விளக்கு எரியும் கரையிலோ அது சாலையின் திசையாகிவிடுகிறது. சென்னைக் கரையில் ஆமைகளைத் தேடி இரவில் நடக்கும் வழக்கத்தை 1970களின் தொடக்கத்தில் ராமுலஸ் விட்டேகர், சதீஷ் பாஸ்கர் போன்ற ஊர்வன ஆய்வாளர்கள் ஆரம்பித்தனர். 1988 முதல் கடலாமைப் பாதுகாப்புக்கான மாணவர் அமைப்பொன்று ஆண்டுதோறும் அந்த நடையை மேற்கொண்டு, முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றி, குஞ்சுகளைக் கடலில் விட்டுவருகிறது. அவர்களுடைய உழைப்பு பெரிது. எனினும், கரை இருளாகவும் அமைதியாகவும் இருந்தால் முட்டைகள் இட்ட இடத்திலேயே பொரிந்திருக்கும் என்பதையும் மறக்கலாகாது. ஆகவே, உங்கள் குடியிருப்போர் சங்கம் விளக்கே வேண்டாம் என்று கேட்க வேண்டியதில்லை. கம்பங்கள் தாழ்வாக இருக்க வேண்டும், கடல் பக்கம் ஒளி கசியாதபடி மறைப்பு வேண்டும், முட்டையிடும் மாதங்களில் பின்னிரவில் அவை அணைக்கப்பட வேண்டும் என்று எழுத்து மூலம் கேட்டால் போதும்.

கேள்வி: கடற்கரை யாருடைய சொத்து? எங்கள் தெருக்கோடியில் ஒரு கட்டடத்தார் மணல்வரை சுவர் எழுப்பி வழியை அடைத்துவிட்டார்கள். யாரிடம் முறையிடுவது? (கொட்டிவாக்கம் வாசகர்)

பதில்: வருவாய்த்துறைக் கணக்கில் கடற்கரை பெரும்பாலும் அரசுப் புறம்போக்காகவே பதிவாகியிருக்கும். ஆனால் அரசும் அதைத் தன் விருப்பம்போல் யாருக்கும் கொடுத்துவிட முடியாது. இமாச்சலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றங்கரையில் எழுந்த விடுதி தொடர்பான வழக்கில், கடற்கரையையும் ஓடும் நீரையும் காடுகளையும் அரசு மக்களுக்காகப் பொறுப்பேற்று வைத்திருக்கிறது, அவற்றின் பயனுக்கு உரியவர்கள் பொதுமக்களே என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது. கடலும் கரையும் எல்லோருக்கும் பொது என்னும் பழைய ரோமானியச் சட்டக் கருத்திலிருந்து கிளைத்த கோட்பாடு இது.

1981இல் பிரதமர் இந்திரா காந்தி, கடலோரத்தில் 500 மீட்டர் அளவுக்குக் கட்டடங்கள் எழாமல் காக்கும்படி கடலோர மாநில முதல்வர்களுக்குக் கடிதம் எழுதினார். பத்து ஆண்டுகள் கழித்து, 1991 பிப்ரவரியில், 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. 2011இலும் 2019இலும் அது மாற்றி எழுதப்பட்டது. கரையை அது சில வகைகளாகப் பிரிக்கிறது. ஆமைகள் முட்டையிடும் இடங்கள், அலையாத்திக் காடுகள், சேற்றுநிலங்கள் ஆகியன முதல் வகையில் மிகக் கடுமையான பாதுகாப்புக்கு உரியவை. சென்னை போன்ற நகரங்களில் கட்டடங்கள் நிறைந்த கரை இரண்டாம் வகையில் வருகிறது. அங்கே, ஏற்கெனவே உள்ள சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடங்களுக்கோ நிலப்பக்கமாகத்தான் புதிய கட்டடம் எழலாம். கடலை ஒட்டிப் புதிதாக ஒரு சாலை வரும்போதெல்லாம் மீனவர்கள் ஐயத்தோடு பார்ப்பதற்கு இந்த விதி நல்ல காரணம். 1991ஆம் ஆண்டு அளவிலேயே நிறுத்தப்பட்டிருந்த, ஒரு மனையில் எவ்வளவு பரப்புக்குக் கட்டலாம் என்னும் தளப்பரப்புக் கட்டுப்பாட்டை 2019 அறிவிக்கை தளர்த்தியது, என் கருத்தில், நகரக் கடற்கரைகளுக்கு நேர்ந்த பெரிய பின்னடைவு.

சட்டத்தைவிடவும் வரைபடத்தில்தான் பல வழக்குகளின் முடிவு அடங்கியிருக்கிறது. கடல்நீர் ஏறும் உச்ச எல்லையான உயர் அலைக்கோடு எங்கே போகிறது, உங்கள் தெரு எந்த வகையில் வருகிறது என்பதைக் கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடமே தீர்மானிக்கிறது. 2023இல் வரைவு வரைபடங்கள் மக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டபோது, படகு நிறுத்தும் இடங்களும் வலை உலர்த்தும் இடங்களும் அவற்றில் முறையாகக் குறிக்கப்படவில்லை என்று மீனவர் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. எனவே முதலில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் புல எண்ணுக்குரிய வரைபடப் பகுதியையும், அந்தச் சுவருக்கு அனுமதி இருந்தால் அதன் நகலையும் கேட்டுப் பெறுங்கள். பிறகு மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்துக்குப் புகைப்படங்களுடன் மனு கொடுங்கள். பலன் இல்லையெனில் சென்னையிலேயே அமர்வு கொண்டுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை அணுகலாம். வழக்கறிஞர் இல்லாமலும் நீங்களே வாதாடலாம். வழக்கிற்கான காரணம் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் மனு போட வேண்டும்; தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாட்கள்வரை ஏற்பார்கள். இந்தக் கெடுவைத் தவறவிட்டு நிற்பவர்கள் பலர்.

கேள்வி: கடற்கரை என்றாலே பெசன்ட் நகரும் மெரினாவும்தானா? எங்கள் கரையில் மணலே இல்லை, கருங்கற்கள்தான் கிடக்கின்றன. (இராயபுரம் வாசகர்)

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் திசை மாறுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் எழுப்பிய அலைதடுப்புச் சுவர்கள் அந்த ஓட்டத்தைக் குறுக்கே மறித்தன. தெற்கே தேங்கிய மணலால் மெரினா அகன்றது. வடக்கே மணல் வந்து சேராததால் இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரைகள் அரிக்கப்பட்டன. கற்களைக் கொட்டித் தடுத்த ஒவ்வோர் இடத்துக்கும் வடக்கே அரிப்பு மேலும் தள்ளிப் போயிற்று. மாநகரம் தன் பெருமையாகக் காட்டும் அகன்ற மணற்பரப்பில் ஒரு பகுதி உங்கள் கரையிலிருந்து கழிந்தது என்று சொன்னால் மிகையாகாது. அதற்கும் வடக்கே எண்ணூர்க் கழிமுகம் அனல்மின் நிலையங்களின் சாம்பலைப் பல்லாண்டுகள் சுமந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் பரவி, படகுகளையும் வலைகளையும் பாழாக்கியது. பூங்காவுக்கும் பொழுதுபோக்குக்கும் ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கு வடசென்னைக்கு வர வேண்டும் என்பதே என் எண்ணம்.

கேள்வி: ஆமைகள் வலையில் சிக்கித்தான் சாகின்றன. மீனவர்களைக் கரையிலிருந்து அகற்றினால்தானே வாழிடம் காக்கப்படும்? (தியாகராய நகர் வாசகர்)

பதில்: இரு வேறு வகை மீன்பிடிப்பை நீங்கள் ஒன்றாக்கிவிட்டீர்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கியபோது ஐயம் முதன்மையாக இழுவைமடி விசைப்படகுகளின் மேல்தான் விழுந்தது. நீருக்குள் நெடுநேரம் இழுபடும் மடியில் சிக்கிய ஆமை மூச்சு விட மேலே வர முடியாமல் இறக்கிறது. கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது என்று தமிழ்நாட்டு விதி இருக்கிறது. ஆமை தப்பிச் செல்ல மடியில் வழிவிடும் கருவியும் இருக்கிறது. இவ்விரண்டையும் நடைமுறைப்படுத்தாமல், குப்பத்தில் சிறு படகு வைத்திருப்பவரை வெளியேற்றுவது எந்த ஆமையையும் காப்பாற்றாது.

வரலாறும் இதையே காட்டுகிறது. 1985இல் மெரினாவை அழகுபடுத்துவதற்காகக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற அரசு முனைந்தபோது மீனவர்கள் எதிர்த்தனர். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 2023இல் பட்டினப்பாக்கம் இணைப்புச் சாலையில் மீன் விற்கும் பெண்களின் கடைகளை அகற்றும் நடவடிக்கையும் பெரும் போராட்டத்தில் முடிந்தது. மீனவர் பயன்படுத்தும் மணல் திறந்தே கிடக்க வேண்டியிருப்பதால் அங்கே கட்டடம் எழுவதில்லை. நேரத்துக்கு வலையை இழுக்கவும் படகை ஏற்றவும் இடம் கேட்கும் ஒரு குப்பம் இருக்கும்வரை அந்தக் கரை எல்லோருக்குமான வெளியாக நீடிக்கிறது என்பதை, மாலை நடைக்குப் போகும் நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

கேள்வி: அடையாற்று முகத்துவாரத்தில் மக்களை அனுமதிக்கலாமா? (மந்தைவெளி வாசகி)

பதில்: எல்லா இடத்திலும் எல்லா நேரத்திலும் அனுமதிக்க வேண்டியதில்லை. வேனிலில் மணல்திட்டு ஆற்றின் வாயை அடைப்பதும் மழையில் அது உடைவதும், ஓதநீர் ஏறி இறங்கும் சேற்றில் உள்ளான்களும் ஆலாக்களும் இரை தேடுவதும் அந்த இடத்தின் இயல்பு. உடைந்த பாலத்தருகே நின்று பார்ப்பதற்கும், வண்டியோடு சேற்றுத்திட்டில் இறங்குவதற்கும் வேறுபாடு உண்டு. அருகிலுள்ள தொல்காப்பியப் பூங்காவின் 58 ஏக்கர் 2011இல் மீட்டெடுக்கப்பட்டபோது நுழைவைக் கட்டுப்படுத்தியது சரியே. ஆனால் கட்டுப்பாடு, அக்கம்பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள்கூடப் போக முடியாத பூட்டாக மாறினால், அந்த நிலத்துக்காகப் பேச ஊரில் ஆளிருக்காது. ஒரு பக்கம் மட்டும் பாதை, வலசைப் பறவைகள் வரும் மாதங்களில் நேரக் கட்டுப்பாடு, நாய்களுக்குத் தடை ஆகிய மூன்றும் போதும்.

கேள்வி: ஆமைக்குஞ்சு கடலில் இறங்குவதைக் குழந்தைகளுக்குக் காட்ட ஆசை. எப்படி? (வேளச்சேரி வாசகர்)

பதில்: பொரிப்பகத்தில் குஞ்சு விடும் மாலைகளில், தன்னார்வலர்கள் காட்டும் கயிற்றுக்குப் பின்னால் நின்று பாருங்கள். கைப்பேசி வெளிச்சமும் பிளாஷும் வேண்டாம். குஞ்சைக் கையில் எடுக்கக் கூடாது; பங்குனி ஆமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம். சாலைப்பக்கம் வழிதவறிய குஞ்சைக் கண்டால், அது நசுங்காமல் காவல் நின்றுகொண்டு வனத்துறைக்கோ தன்னார்வலர்களுக்கோ தகவல் சொல்லுங்கள்.