கேட்டுக்கு வெளியே நிற்கும் லாரிகள்

அன்புள்ள ஐயா,

செங்குன்றத்தில் ஒரு குடோனில் கணக்குப் பார்க்கிறேன். சராசரியாக அரை மணிக்கு ஒரு லாரி வருகிறது. சரக்கை இறக்க 27 நிமிடம். கணக்குப்படி ஒரு டாக் (லாரியை நிறுத்திச் சரக்கை இறக்கும் மேடை) போதும். ஆனாலும் தினமும் ரோட்டில் வரிசை. இன்னொரு டாக் கட்டுவதற்கு முன் சிமுலேஷன், அதாவது கம்ப்யூட்டரில் ஓர் ஒத்திகை, செய்து பார்க்கலாம் என்கிறார் முதலாளியின் மகன். இருபது வருடமாக இருக்கும் சூப்பர்வைசர் அண்ணனோ, "வெயிலில் நிற்காதவனுக்கு கம்ப்யூட்டரில் என்ன தெரியும்?" என்று சிரிக்கிறார். யார் சொல்வது சரி?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டு பேரும்தான். தவறு உங்கள் சராசரியில் இருக்கிறது.

லாரிகள் தம் இஷ்டத்துக்கு வந்து, இறக்கும் நேரமும் தாறுமாறாக ஏறி இறங்கினால், வரிசையில் காத்திருப்பதைக் கணக்கிடும் வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய சூத்திரப்படி ஒரு லாரி சராசரியாக 243 நிமிடம் காத்திருக்கும். நான்கு மணி நேரம்! இறக்குவதை 24 நிமிடத்தில் முடித்தால் அது 96 நிமிடமாகிவிடும். வெறும் மூன்று நிமிடத்தில் வந்த வித்தியாசம். லாரி வராத அரை மணியை டாக் சேர்த்துவைக்க முடியாது. மூன்று லாரி சேர்ந்து வந்தால் அந்தக் கடன் மட்டும் சாயங்காலம் வரை ஓடும்.

ஆனால் இந்தச் சூத்திரத்துக்கு ராத்திரி கேட்டை மூடத் தெரியாது. காலையில் லாரிகள் கும்பலாக வருவதும் தெரியாது. சிமுலேஷன் தேவைப்படுவது அங்கேதான். உங்கள் பதிவுகளிலிருந்தே வருகை நேரத்தையும் இறக்கும் நேரத்தையும் குலுக்கிப் போட்டு எடுத்து, ஒரே நாளை ஆயிரம் முறை ஓட்டிப் பார்ப்பது. (உலாம் என்ற கணிதருக்கு 1946-ல், உடம்பு தேறிவரும்போது தனியாகச் சீட்டு விளையாடுகையில் தோன்றிய யோசனை இது.) மென்பொருளுக்குப் பணம் கொட்ட வேண்டாம், பைத்தான் என்ற நிரல்மொழியில் இதற்கென்றே இருக்கும் சிம்பை (SimPy) இலவசம்.

பதிவுகள்தான் வம்பு. மாதவரம் பக்கம் ஒரு குடோனில் கேட் ரெஜிஸ்டரைப் புரட்டியிருக்கிறேன். எல்லா லாரியும் 9.00, 9.15, 9.30 என்று கடிகாரம் வைத்ததுபோல் வந்திருந்தன. வாட்ச்மேன் குத்துமதிப்பாக எழுதியது. அது பரவாயில்லை. அவர் எழுதியது லாரி கேட்டுக்குள் நுழைந்த நேரம். வெளியே புளியமரத்தடியில் அது நின்ற இரண்டு மணி நேரம் எந்தத் தாளிலும் இல்லை. அந்த ரெஜிஸ்டரை வைத்து மாடல் போட்டிருந்தால் 'வரிசையே இல்லை' என்றுதான் வந்திருக்கும். உங்கள் அண்ணன் சொல்லும் வெயில் இதுதான்.

அதனால் ஒரு நோட்டோடு கேட்டுக்கு வெளியே நின்று, லாரி வந்து வரிசையில் சேரும் நேரத்தை ஒரு மாதம் எழுதுங்கள். கடைசி வாரத்தை விட்டுவிடாதீர்கள், சரக்கெல்லாம் அப்போதுதான் குவியும். அப்புறம் இப்போதிருக்கும் ஒரே டாக்கோடு மாடலை ஓட்டி, அதில் பத்து நாட்களை அண்ணனிடம் காட்டுங்கள். "இப்படி ஒரு நாள் இங்கே நடந்ததே இல்லை" என்று அவர் எதையாவது தள்ளினால் ஏன் என்று கேளுங்கள். அநேகமாக லோடுமேன்கள் சாப்பிடப் போகும் நேரத்தை நீங்கள் விட்டிருப்பீர்கள்.