ஸ்கேன் முடிவு வரும்வரை என்ன செய்வது?

புராஸ்டேட் புற்றுநோய் குறித்துச் செட்டிநாட்டு வாசகர்கள் கேட்டவை

எனக்கு வயது 67. பயாப்சியில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. மதுரையில் எலும்பு ஸ்கேன் எடுத்தாயிற்று. முடிவு வந்ததும் கூப்பிடுகிறோம் என்கிறார்கள். அதற்குள் நோய் பரவிவிடாதா? இரவில் கண் மூட முடியவில்லை. (தேவகோட்டை)

பெரும்பாலான புராஸ்டேட் புற்றுநோய்கள் மெதுவாகவே வளர்பவை. பயாப்சிக்கும் சிகிச்சைக்கும் நடுவே சில வாரங்கள் ஆவது வழக்கம்தான். உங்கள் பயாப்சித் தாளில் நோயின் தீவிரத்தைக் காட்டும் கிளீசன் எண் இருக்கும். 6 என்றால் தீவிரம் குறைவு. 8 முதல் 10 வரை என்றால் மருத்துவரே காலம் கடத்த மாட்டார். நோய் சுரப்பிக்குள்ளேயே நிற்கிறதா, நிணநீர்க் கணுக்களுக்கோ எலும்புக்கோ போயிருக்கிறதா என்று தெரிந்தால்தான் அறுவையா, கதிர்வீச்சா, ஹார்மோன் ஊசியா என்று முடிவு செய்ய முடியும். அது தெரியாமல் அவசரப்பட்டுக் கத்தி வைப்பதுதான் எனக்குப் பயம்.

"வந்ததும் கூப்பிடுகிறோம்" என்ற பேச்சை மட்டும் ஏற்காதீர்கள். ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் நெஞ்சு பதறும். எந்தத் தேதி, எத்தனை மணி, முடிவைச் சொல்லப்போவது யார் என்று கேட்டு வாங்குங்கள். நாள் தெரிந்துவிட்டாலே பாதித் தூக்கம் திரும்பும். மீதிக்கு, தலைமாட்டில் ஒரு நோட்டு வையுங்கள். நடுராத்திரியில் தோன்றும் கேள்விகளை அதில் எழுதி, மருத்துவரிடம் அப்படியே நீட்டுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் தூக்கமே இல்லையென்றால் அதையும் அவரிடம் சொல்லுங்கள், கூச்சம் வேண்டாம்.

அப்பச்சியின் (அப்பாவின்) ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் எனக்கு வந்தது. முதுகெலும்பில் ஓரிடத்தில் மருந்து கூடுதலாகப் படிந்திருக்கிறதாம். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. (பள்ளத்தூர்)

எலும்பு ஸ்கேனில் செலுத்தும் டெக்னீசியம் என்ற லேசான கதிரியக்க மருந்துக்குப் புற்றுநோயை மட்டும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. எலும்பு எங்கெல்லாம் தன்னைச் சரிசெய்துகொள்கிறதோ அங்கெல்லாம் போய்ப் படியும். வயதால் வந்த மூட்டுத் தேய்மானம், அண்மையில் விழுந்து ஏற்பட்ட முறிவு எல்லாம் அதில் பளிச்சென்று தெரியும். ஓரிடத்தில் மட்டும் என்றால் எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. என்று இன்னொன்றை எடுத்து உறுதி செய்வார்கள். அப்பச்சிக்கு முன்பு அடிபட்டிருந்தால், எப்போது, எங்கே என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்தத் தகவலுக்கு மதிப்பு அதிகம்.

மறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் முகத்தை அவர் படித்துவிடுவார், இருப்பதைவிட மோசமாகவே நினைத்துக்கொள்வார். "ஒரு சந்தேகம் இருக்கிறது, இன்னொரு சோதனை வேண்டுமாம்" என்று சொன்னால் போதும். உண்மையும் அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் நாள் முழுக்க முகப்பில் உட்கார்ந்து போனையே பார்க்கிறார். வருகிறவர்கள் எல்லாரும் விசாரிக்கிறார்கள். ஒருவர் கசாயமே காய்ச்சிக் கொண்டுவந்துவிட்டார். அடுத்த வாரம் பங்காளி வீட்டுக் கல்யாணம், வரமாட்டேன் என்கிறார். (கானாடுகாத்தான்)

ஆச்சி, கல்யாணத்துக்குக் கட்டாயம் அழைத்துப் போங்கள். பந்தி முடிந்ததும் கிளம்பிவிடலாம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். விசாரிப்பவர்களுக்குப் பதில் சொல்லும் வேலையை மகனோ மருமகனோ ஒருவர் ஏற்கட்டும்: "சோதனை நடக்கிறது, முடிவு வந்ததும் நாங்களே சொல்கிறோம்." அதற்கு மேல் யாருக்கும் கணக்கு ஒப்பிக்க வேண்டியதில்லை. கசாயத்தை நன்றியோடு வாங்கி ஓரமாக வையுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மூலிகைகளும் உண்டு. அறுவை என்று முடிவானால் சிக்கல்.

எலும்பு ஸ்கேன் எடுத்த அன்றே பேரனைத் தூக்கலாமா? (காரைக்குடி)

அன்று வேண்டாம், மருந்தின் கதிரியக்கம் உடம்பில் கொஞ்சம் மிச்சமிருக்கும். நிறையத் தண்ணீர் குடியுங்கள், மறுநாள் தாராளமாகத் தூக்கிக் கொஞ்சுங்கள்.

பெட் ஸ்கேன் முடிவுக்குத் திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். இரண்டு நாளாக முதுகுவலி, கால்கள் மரத்துத் தள்ளாடுகின்றன. அதுவரை பொறுக்கலாமா? (புதுவயல்)

கூடாது. முதுகுத்தண்டை ஏதோ அழுத்துகிறதோ என்று உடனே பார்த்தாக வேண்டும். தாமதித்தால் கால் பலம் திரும்பாமலே போகலாம். சிறுநீர் அடைத்துக்கொண்டாலும், மலம் தன்னையறியாமல் போனாலும், பயாப்சிக்குப் பின் குளிர்க்காய்ச்சல் வந்தாலும் இதே அவசரம்தான். பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு இன்றே அவசரப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். போகும் வழியிலேயே உங்கள் மருத்துவருக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.