வின்னிபெக் தாங்குமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

நான் கனடாவின் வின்னிபெக் நகரில் குடும்பத்தோடு இருக்கிறேன். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஜெட்ஸ் ஐஸ் ஹொக்கி அணியின் சீசன் ரிக்கெற் (ஒரு பருவத்து உள்ளூர் ஆட்டங்கள் எல்லாவற்றுக்குமான சந்தா) ஒன்றைப் பங்குபோட்டு வைத்திருந்தோம். வீட்டுக்கடன் வட்டி ஏறியதும் என் பங்கை விட்டுவிட்டேன். பிறகு பார்த்தால், 13,000 ஆக இருந்த சீசன் ரிக்கெற்களின் எண்ணிக்கை 9,500 அளவுக்கு இறங்கிவிட்டது, இப்படியே போனால் நீண்டகாலத்துக்குச் சரிவராது என்று அணியின் தலைவர் மார்க் சிப்மன் 2024இல் பேட்டி கொடுத்தார். அன்றிலிருந்து மனது உறுத்துகிறது. எங்கள் ஊராட்களுக்கு விசுவாசம் போதாதோ? ஏழரை லட்சம் பேர் உள்ள ஒரு நகரம், இன்னொரு நகரத்திலிருந்து வாங்கிவந்த அணியைத் தாங்குமா? கியூபெக் நகரமும் அணி கேட்டு நிற்கிறதே? அரசு பணம் கொடுக்கலாமா? இது வெள்ளையரின் விளையாட்டு, உங்களுக்கேன் இந்தக் கவலை என்று மனைவி கேட்கிறார்.

கு.

அன்புள்ள தம்பி,

வெள்ளையரின் விளையாட்டு என்ற கதையை விடுங்கள். 2008இலிருந்து பஞ்சாபியில் ஹொக்கி வர்ணனை கேட்கிற நாடு இது. அரசு பணத்தைக் கட்டடத்துக்கு ஓரளவு கொடுக்கலாம், முதலாளியின் நட்டத்துக்குக் கொடுக்கக்கூடாது. அதற்குமேல் அதில் பேச ஒன்றுமில்லை.

‘விசுவாசம் போதாதோ’ என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. இது முதலாளிகள் பேசுகிற பேச்சு. நீங்கள் ஏன் அதை வாங்கி உங்கள் தலையில் வைக்கிறீர்கள்? வட்டி ஏறினால் வீட்டைத்தான் முதலில் பார்க்கவேண்டும். 2011 ஜூனில் அற்லாண்டாவிலிருந்து அணி வந்தபோது உங்கள் ஊர் என்ன செய்தது என்று தெரியுமா? மூஸ் என்ற சிறிய அணியின் பழைய சந்தாதாரர்கள் சீசன் ரிக்கெற்றை முதலில் வாங்கினார்கள். மிச்சத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட, 17 நிமிடத்தில் 13,000 நிரம்பியது. அப்போது அணிக்குப் பெயர்கூட வைக்கவில்லை. மூன்று வருடம், ஐந்து வருடம் கட்டுகிறோம் என்று கையெழுத்து வைத்தவர்களில் பெரும்பாலானோர் கம்பனிகள் அல்ல, உங்களைப்போலப் பங்குபோட்ட குடும்பங்கள்.

நான் 1995இல் அந்த ஊரில் இருந்தேன், புதிதாக வந்தவன். ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவும் வேலை. காசுமேசையில் பழைய கோப்பி ரின் ஒன்று இருந்தது, பிளாஸ்ரிக் மூடியில் கத்தியால் கீறிய வாயோடு. சுகமில்லாத பிள்ளை எதற்கோ சேர்க்கிறார்கள் என்று நினைத்து நானும் ஒரு டொலர் குற்றி போட்டேன். அப்போதிருந்த பழைய ஜெட்ஸ் அணியை வேறு ஊருக்குக் கொண்டுபோகப்போகிறார்கள், அதைத் தடுக்கத்தான் காசு என்று விளங்கப்படுத்தியவர் எங்கள் சமையல்காரி, உக்ரைன் வழிவந்த வயதான மனுசி. அவர் ஆட்டம் பார்க்கப் போனதே இல்லை, பின்னேர வேலை. குசினி வானொலியில் கேட்பதுதான். ஜெட்ஸ் வீரர் தேமு செலானி வந்த முதல் வருடமே 76 கோல் அடித்த கதையை, ஒவ்வொரு கோலையும் நேரில் கண்டவர்போலச் சொல்லுவார். 1996 பெப்ரவரியில் செலானியை அனாஹைம் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. வானொலியை நிறுத்திவிட்டு, இரவு கடை மூடும்வரை ஒரு சொல் பேசாமல் உருளைக்கிழங்கு சீவினார். ஏப்ரல் 28இல் டிட்ரோயிற் அணியிடம் தோற்றதோடு எல்லாம் முடிந்தது. அணி அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள பீனிக்ஸுக்குப் போய்விட்டது.

அந்த மனுசிக்கா விசுவாசம் போதவில்லை?

அணியைக் கொண்டுபோனது டொலர், தம்பி. ரிக்கெற் விற்பது கனடா டொலரில், வீரர்களுக்குச் சம்பளம் அமெரிக்க டொலரில். யாழ்ப்பாணத்தில் ரூபாயில் உழைத்து லண்டனுக்குப் பவுணில் வட்டி கட்டுகிறவரின் நிலை. அப்போது நம் டொலர் 73 அமெரிக்க சதம் மட்டில் நின்றது. 2 கோடி அமெரிக்க டொலர் சம்பளம் கொடுக்க இங்கே 2 கோடி 70 லட்சத்துக்கு மேல் உழைக்கவேண்டும். சம்பளத்துக்கு உச்சவரம்பும் இல்லை, அது வந்தது 2005இல். 2011இல் அணி திரும்பி வந்தபோது நம் டொலர் அமெரிக்க டொலரைவிடச் சற்று மேலே நின்றது. எல்லோரும் வின்னிபெக்கின் அன்பு வென்றது என்றார்கள். அன்பு 1995இலும் இருந்தது. இப்போது டொலர் பழையபடி 70 சொச்சத்தில் நிற்கிறது. 2025-26க்கான சம்பள உச்சவரம்பு 9 கோடி 55 லட்சம் அமெரிக்க டொலர், நம் காசில் 13 கோடியைத் தாண்டும். 15,000 சொச்சம் இருக்கைகளை வைத்துக்கொண்டு, நடுவில் உள்ள மூன்றரைக் கோடியை யார் நிரப்புவது? நாலு பேர் பங்குபோட்ட ரிக்கெற்றா?

தாங்குமா என்ற கேள்வியைச் சின்ன ஊரிடம் மட்டுமே கேட்கிறார்கள். அற்லாண்டாப் பெருநகர் வின்னிபெக்கைவிடப் பல மடங்கு பெரியதாக இருந்தும் 1980இல் ஒரு அணி கல்கரிக்குப் போனது, 2011இல் இன்னொன்று வின்னிபெக்குக்கு வந்தது. இப்போது மூன்றாவது அணியைப் பற்றிப் பேச்சு நடக்கிறது. வின்னிபெக்கிலிருந்து பிடுங்கிய அணியைப் பாருங்கள். 2009இல் திவாலானது. இந்த அணிகள் எல்லாம் ஆடுகிற என்.எச்.எல். லீக்கே பொறுப்பெடுத்து நடத்தியது. பீனிக்ஸுக்குப் பக்கத்துக் கிளெண்டேல் நகரசபை அதைத் தக்கவைக்க வருடத்துக்கு இரண்டரைக் கோடி டொலர் கொடுத்தது. கடைசி இரண்டு வருடம் ஒரு பல்கலைக்கழக அரங்கில், ஐயாயிரம் பேர்கூடக் கொள்ளாத இடத்தில் ஆடினார்கள். 2024இல் சோல்ற் லேக் சிற்றிக்குப் போய்விட்டார்கள். இவ்வளவு நடந்தும் அரிசோனாக்காரர் எவரும் தன் விசுவாசத்தைச் சந்தேகித்து இரவில் கண்விழித்துக் கடிதம் எழுதியிருப்பார் என்று நான் நம்பவில்லை. நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். வாசித்தபோது நெஞ்சு கனத்தது.

சிப்மனை நான் குறைசொல்லவில்லை. அணியைத் திருப்பிக் கொண்டுவந்தவர் அவர்தான், அவருடைய கவலையும் பொய்யில்லை. ஆனால் அந்தக் கவலையை அவர் சொல்லவேண்டிய இடம் லீக்கின் நியூயோர்க் அலுவலகம்.

கியூபெக் 18,000 பேருக்கு மேல் கொள்ளும் அரங்கை 2015இலேயே திறந்துவிட்டுக் காத்திருக்கிறது. அங்கும் ரசிகர்களுக்குக் குறைவில்லை, டொலர் ஒரு பெரிய தடை.

விட்ட பங்கை நீங்கள் திரும்ப எடுக்கவேண்டாம். கையில் காசு மிஞ்சுகிற மாதம் மனைவியையும் கூட்டிக்கொண்டு ஒரு ஆட்டத்துக்குப் போய்வாருங்கள். 2024 பெப்ரவரியில் வந்ததுபோல லீக் ஆணையாளர் கரி பெற்மன் மறுபடி உங்கள் ஊருக்கு வந்தால், நாணயமாற்று நட்டத்தில் லீக் எவ்வளவை ஏற்கும் என்று அவருக்கு எழுதிக் கேளுங்கள். பிரதியை எனக்கும் அனுப்புங்கள், இங்கே போடுகிறேன்.