கேட்டாங்க, சொல்றேன்: நம்ம தெரு கேரம் கிளப்பு

கேள்வி: எங்க அண்ணன் அமெரிக்கால இருக்காரு சார். அவங்க ஏரியால ஒரு பௌலிங் இடம் இருந்துச்சாம், தாத்தா ஆரம்பிச்சு பேரன் வரைக்கும் ஒரே குடும்பம் நடத்துனது, இப்ப மூடிட்டாங்கன்னு போன்ல சொல்லும்போது அவர் குரலே மாறிடுச்சு. எனக்கு பௌலிங்னா மால்தான், அதுல இவ்ளோ ஃபீல் பண்ண என்ன இருக்குன்னு புரியல. நம்ம சென்னைல அந்த மாதிரி குடும்பமா நடத்துன இடம் எதாச்சும் இருந்துச்சா?
- வாசகி, கொளத்தூர்

பதில்: இருந்துச்சும்மா, வடசென்னைல நெறையவே இருந்துச்சு, கேரம் கிளப்புன்னு. முதல்ல உங்க அண்ணன் விஷயத்த சொல்லிடறேன். மால்ல, பந்த உருட்டி சாய்க்கற பத்து பின்னையும் மெஷினே அடுக்குது, பந்து தானா திரும்பி வந்துடுது, யாரும் யாரையும் பாக்க வேண்டியதில்ல. அமெரிக்கால ஒரு காலத்துல பந்து ஓடற ஒவ்வொரு லேனுக்கு பின்னாடியும் ஒரு பையன் உக்காந்து விழுந்த பின்ன கையால எடுத்து நிறுத்திட்டு இருந்தான், மெஷினு பரவுனது 1950கள்லதான். மெஷின் வந்தப்புறமும் அந்த 60 அடி லேனுக்கு எண்ணெய் பூசுறது, ஷூவ தொடச்சு அடுக்கறதுன்னு வேல இருந்துட்டே இருக்கும், அத ஒரு குடும்பமே வருஷக்கணக்கா கண்ணெதிர செஞ்சா அங்க போறது அத்த வீட்டுக்கு போற மாதிரி ஆயிடும். உங்க அண்ணனுக்கு தொண்ட அடச்சதுல ஆச்சரியமே இல்ல.

நான் வளந்தது பழைய வண்ணாரப்பேட்டை. எம்.சி. ரோட்டு துணிக்கடைங்க தாண்டி உள்ள ஒரு சந்துல ஒரு குடும்பம் வீட்டோட முன்னறையவே கிளப்பா வெச்சிருந்தாங்க, வீட்டுக்காரருக்கு ஹார்பர்ல வேல, அதனால பகல்ல எல்லாம் அந்த வீட்டம்மாதான், நாங்க அத்தன்னுதான் கூப்பிடுவோம், சாயங்காலம் மூத்த பையன் கல்லாவுல உக்காருவான், தோத்தவங்கதான் போர்டு காசு குடுக்கணும்.

அத்த வேல செய்யறத பாக்கணும். ஐப்பசி கார்த்திகைல மழையும் கடல் காத்தும் சேந்து பிளைவுட்டு ஈரம் குடிச்சிடும், காயின அடிக்கற ஸ்ட்ரைக்கர் பாதி தூரத்துலயே நின்னுடும். அப்பல்லாம் ஆள் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே போர்டு மேல தொங்குற பல்ப, கயித்த தளத்தி நல்லா கீழ எறக்கி எரிய விட்டுடுவாங்க, போர்டு சூடாகி ஈரம் போனதும் பழைய வேட்டித் துணியால தொடச்சு, வெரல் நுனில கொஞ்சூண்டு போரிக் பவுடர் எடுத்து தூவி, உள்ளங்கையால மெதுவா பரப்பி, அப்புறம் ஒரு ஸ்ட்ரைக்கர ஓங்கி சுண்டி அது எதிர் கட்டைல பட்டு எத்தன தபா போய் வருதுன்னு பாப்பாங்க. டோர்னமெண்ட் சட்டத்துலயும் இதே டெஸ்ட்தான், முழு பலத்தோட அடிச்சா 15 கிராம் ஸ்ட்ரைக்கர் மூணரை தடவையாவது போய் வரணும்னு எழுதியிருக்கும். அத்த அந்த சட்டத்த எங்க பாத்தாங்க? கைப்பழக்கம்தான். போர்டு ஒரு பக்கம் சாயுதுன்னு யாராச்சும் சொன்னா கொத்தனார் வெச்சிருக்கற ரசமட்டத்த எடுத்துட்டு வந்து போர்டு மேல வெச்சு, ஸ்டூல் கால் அடில அட்டைய மடிச்சு சொருகி, அவங்களுக்கு திருப்தி ஆனப்புறம்தான் காயின் அடுக்கவே விடுவாங்க.

அங்க மில் ஷிஃப்ட் முடிச்சிட்டு வர்றவங்க, காசிமேட்டுல காலைல வேல முடிஞ்சவங்க, துணிக்கட பசங்க, காலேஜ் பசங்க எல்லாரும் ஒரே பெஞ்சுலதான் உக்காந்து டர்னுக்கு காத்திருப்பாங்க. ஐம்பது வயசுக்காரர் பதினாறு வயசு பையன்கிட்ட தோத்துட்டு, நல்லா ஆடுன தம்பின்னு சொல்லிட்டு காச எடுத்து வெச்சுட்டு போவாரு, அந்த மாதிரி வயசு வித்தியாசம் பாக்காம ஒண்ணா உக்கார்ற இடம் இப்ப நம்ம ஊர்ல எத்தன இருக்குன்னு யோசிச்சு பாருங்க, எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு. 1996ல பெரம்பூர் பி அண்ட் சி மில் மூடினாங்க, எங்க பெஞ்சுல உக்காந்த மில்காரங்க ஒவ்வொருத்தரா வேற வேல தேடி வேற பக்கம் போயிட்டாங்க, அதே சமயத்துல எம்.சி. ரோட்ட ஒட்டுன சந்துல ஒரு அறைய கடைக்கு விட்டா வர்ற வாடகை எங்கயோ போயிடுச்சு, எட்டணா ஒரு ரூபான்னு போர்டு காசு வாங்கி ஒரு குடும்பம் எவ்ளோ நாள் தாக்குப் பிடிக்கும்?

கேள்வி: கேரம் கிளப்புன்னாலே சூதாட்டம்னு சொல்லி எங்கப்பா என்ன வாசப்படி ஏற விட்டதில்ல. அவர் சொன்னது நெசமா?
- வாசகர், ராயபுரம்

பதில்: பெட்டு கட்டி ஆடுன இடமும் இருந்துச்சு, மறைக்க வேண்டியதில்ல, உங்கப்பா பயந்தது நியாயம்தான். ஆனா குடும்பம் இருக்கற வீட்ல நடந்த கிளப்புல அது நடக்காது, ஏன்னா உள்ள ரூம்ல அவங்க புள்ளைங்க படிச்சிட்டு இருக்கும். எங்க கிளப்புல செவுத்துல சாக்பீஸ்ல "காசு வெச்சா கால் வெக்காதே"ன்னு எழுதியிருந்துச்சு. ஒரு தபா ரெண்டு பேரு போர்டுக்கு அடில நோட்ட மாத்திக்கிட்டத அத்த பாத்துட்டாங்க, சத்தமே போடல, நடு ஆட்டத்துல வந்து ரெட்டுன்னு சொல்ற அந்த ஒரு செவப்பு காயின மட்டும் எடுத்து இடுப்புல சொருகிட்டு உள்ள போயிட்டாங்க, அவ்ளோதான், அன்னிக்கு அந்த போர்டுல யாருக்கும் ஆட்டம் கிடையாது. முழுப்பரீட்ச நேரத்துல ஸ்கூல் பசங்க யாராச்சும் எட்டிப் பாத்தா, உங்கம்மாவ நாளைக்கு ரேஷன் கடைல பாப்பேன்னு ஒரு வார்த்த சொல்வாங்க, பையன் சிட்டா பறந்துடுவான். உங்கப்பா அந்த வீட்டுக்கு ஒரு தபா வந்திருந்தா உங்கள கண்டிப்பா விட்டிருப்பாரு.

கேள்வி: எங்க தெருவுல வெள்ளைக்கு 20, கருப்புக்கு 10, ரெட்டுக்கு 50னு ஆடுறோம். காலேஜ் டோர்னமெண்ட்ல அது செல்லாதுங்கறாங்களே?
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: செல்லாது தம்பி. அங்க 9 வெள்ள, 9 கருப்பு, ஒரு ரெட்டு, ஒருத்தருக்கு ஒரு கலர். உங்க கலர முதல்ல முடிச்சா எதிராளி எத்தன காயின் மிச்சம் வெச்சிருக்காரோ அத்தன பாயிண்ட், ரெட்ட நீங்க போட்டு, ஃபாலோவும், அதாவது உடனே அடுத்து உங்க கலர் காயின் ஒண்ணும் போட்டிருந்தா கூட 3. 25 பாயிண்ட் இல்லனா 8 போர்டு (காயின் அடுக்கி ஆடி முடிக்கற ஒவ்வொரு சுத்தும் ஒரு போர்டு), எது முதல்ல வருதோ அதோட கேம் முடிஞ்சுது. 22 பாயிண்ட் தொட்டுட்டீங்கன்னா அப்புறம் ரெட்டுக்கு பாயிண்ட் கிடையாது, இத நெறைய பசங்க மறந்துடறாங்க. நாற்காலிய நகத்தக்கூடாது, எழுந்து நின்னு அடிக்கக்கூடாது. இந்த ரூலுங்கள உலகத்துக்கே வகுக்கற சர்வதேச கேரம் ஃபெடரேஷன் 1988ல நம்ம சென்னைலதான் ஆரம்பிச்சாங்க, அத நெனச்சு பெருமையா போய் ஆடுங்க.

கேள்வி: எட்டாவது படிக்கற என் பொண்ணு கேரம் கிளாஸ் போகணும்னு அடம் புடிக்கறா. கிளப்புன்னா ஆம்பளைங்க கூட்டம், அனுப்பலாமா சார்?
- ஒரு அம்மா, வியாசர்பாடி

பதில்: நீங்க இருக்கற வியாசர்பாடிலேர்ந்துதான் இளவழகி போனாங்க, அப்பா சரக்கு வண்டி ஓட்டுனவரு, 2008ல பிரான்ஸ்ல உலக சாம்பியன் ஆனாங்க. 2024ல அமெரிக்கால நடந்த உலகக் கோப்பைல காசிமா மூணு தங்கம் ஜெயிச்சாங்க, அவங்களுக்கு ஆட்டம் சொல்லிக் குடுத்ததே ஆட்டோ ஓட்டற அவங்க அப்பாதான். மரிய இருதயம் 1991லயும் 1995லயும் உலக சாம்பியன் ஆகி அர்ஜுனா விருது வாங்குனப்ப எங்க பெஞ்சுல இருந்த பசங்கதான் குதிச்சோம், பொண்ணுங்க ஜன்னல் வழியா பாத்ததோட சரி. எங்க அத்த அவ்ளோ துல்லியமா ஸ்ட்ரைக்கர் சுண்டுவாங்க, ஆனா அவங்க உக்காந்து ஒரு போர்டு ஆடி நான் பாத்ததே இல்ல, ஆடுங்க அத்தன்னு எங்கள்ல ஒருத்தரும் கேட்டதும் இல்ல.

அதனால அனுப்புங்கம்மா. முதல் ரெண்டு மூணு நாளு நீங்களும் கூட போயி உக்காருங்க, ஏற்கெனவே பொண்ணுங்க ஆடுறாங்களா, சொல்லித் தர்றவரு எப்பிடி பேசறாருன்னு பாருங்க, வேற பொண்ணுங்களோட அம்மாங்ககிட்ட ரெண்டு வார்த்த பேசுங்க. போர்டு இப்பவே வாங்காதீங்க, அது அவங்ககிட்ட இருக்கும். ஸ்ட்ரைக்கர் மட்டும் பொண்ண கூட்டிட்டு போயி அவ கைக்கு எது ஒத்து வருதோ அத வாங்குங்க, 15 கிராம் தாண்டக்கூடாது. வீட்ல பழைய போர்டு இருந்து அதுல பழகுனான்னா மூஞ்சி பவுடர மட்டும் போட்டுடாதீங்க, போர்டு பிசுபிசுன்னு ஆயிடும், போரிக் பவுடர் கேரம்கான்னு கேட்டு வாங்குங்க, அதுவும் ஒரு சிட்டிக போதும்.