வீட்டு டிவியில் தாங்கும் படம் எது? சத்தத்தைக் குறைத்துப் பாருங்கள்

கேள்வி: தியேட்டருக்குப் போகாமல் வீட்டிலேயே படம் பார்ப்பவர்கள் சொல்லுங்கள். த்ரில்லர், பேய்ப் படம், பழைய குடும்பப் படம், இவற்றில் எவை வீட்டு டிவியிலும் பிடித்து உட்கார வைக்கின்றன? எவை சப்பென்று போய்விடுகின்றன?

நான் தியேட்டரில் கடைசியாகப் படம் பார்த்து ஆறு வருடம் ஆகிறது. அம்மாவுக்குக் கண் அழுத்த நோய். வெளிச்சம், நிழல், ஆள் நடமாட்டம் தெரியும், முகம் தெரியாது. அவரைத் தனியாக விட்டுவிட்டு மூன்று மணி நேரம் வெளியே இருக்க எனக்கு மனசு வருவதில்லை. அதனால் ராத்திரி சாப்பாடு முடிந்த பிறகு எங்கள் ஹாலில்தான் எல்லாப் படமும். அம்மா ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு கேட்பார். "இன்னைக்கு என்ன படம் கேக்கலாம்?" என்றுதான் சொல்வார். மாடி வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் ஒன்பது மணிக்கு மேல் சத்தமும் வைக்க முடியாது.

இப்படிப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு கணக்கு பிடிபட்டிருக்கிறது. சத்தத்தைப் பாதியாகக் குறைத்த பிறகும் ஒரு படம் நம்மை உட்கார வைத்தால் அது வீட்டில் பார்க்கத் தகுந்த படம். சத்தம் போனதும் பயமும் போய்விட்டால், அங்கே முதலிலிருந்தே பயம் இல்லை, சத்தம்தான் இருந்திருக்கிறது.

இப்போது வரும் பேய்ப் படங்களில் பாதிக்குமேல் இந்த இடத்தில்தான் விழுகின்றன. ஒரு நிமிடம் எதுவுமே கேட்காது. கதாநாயகி மெதுவாகக் கதவைத் திறப்பாள். அப்புறம் ஒரு பெரிய 'டமார்'. தியேட்டரில் நாற்காலியே அதிரும். வீட்டில் என்ன ஆகிறது? இந்தப் படங்களின் ஒலியைத் தியேட்டருக்காக அமைக்கிறார்கள். பேச்சு நடுவிலிருந்தும் மற்ற சத்தங்கள் சுற்றிலுமிருந்தும் வரவேண்டும். நம் டிவியில் இருப்பதோ கீழே பார்த்தபடி இரண்டு சின்ன ஸ்பீக்கர். அத்தனையும் அதற்குள் திணிக்கப்படும்போது பேச்சு அமுங்கிப்போகிறது, வெடிச் சத்தம் மட்டும் எகிறுகிறது. பேசும்போது கூட்டி, அலறும்போது குறைத்து என்று ரிமோட்டை விட்டுக் கையை எடுக்கவே முடியாது. நிசப்தம் வந்தாலே அடுத்து என்ன என்று என் கட்டைவிரலுக்குத் தெரிந்துவிடுகிறது. பிறகு எங்கே பயப்படுவது?

திடீர்ச் சத்தமே தப்பு என்று நான் சொல்லவில்லை. 1942-ல் வந்த 'கேட் பீப்பிள்' என்ற அமெரிக்கப் படத்தில் ஒரு பெண் இரவில் பூங்கா மதிலோரம் நடந்து போவாள். பின்னால் இன்னொருத்தியின் செருப்புச் சத்தம். கொஞ்ச நேரத்தில் அது நின்றுவிடும். முன்னால் போகிறவள் நடையை எட்டிப் போடுவாள், திரும்பிப் பார்ப்பாள், ஒருவரும் இல்லை. அப்போது 'உஸ்ஸ்' என்று ஒரு சீறல். பார்த்தால் பஸ் வந்து நிற்கிறது. அவ்வளவுதான். இன்றைக்கு ஆயிரம் படங்களில் வரும் அந்தத் திடீர் அதிர்ச்சிக்கு இந்த பஸ்ஸைத்தான் முன்னோடியாகச் சொல்வார்கள். ஆனால் அங்கே நம் வயிற்றைக் கலக்குவது பஸ் இல்லை, அதற்கு முன்னால் நின்றுபோன அந்தச் செருப்புச் சத்தம். அம்மா அதைக் கேட்டுவிட்டு, "பின்னாடி வந்தவ எங்க போனா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனைக்கும் பேசுவது இங்கிலீஷ். நான் இடையிடையே ஒரு வரி, இரண்டு வரிதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பேயைக் காட்டாமலே பேய்ப் படம் எடுக்க முடியும் என்பதற்கு, ராபர்ட் வைஸ் 1963-ல் எடுத்த 'தி ஹான்டிங்' ஒன்றே போதும். 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' எடுத்த அதே இயக்குநர்தான், அதற்கு இரண்டு வருடம் முன்னால் எடுத்தது. ஒரு பழைய மாளிகையில் இரண்டு பெண்கள் ஒரே அறையில் தூங்குகிறார்கள். இருட்டில் சுவருக்கு அப்பாலிருந்து முணுமுணுப்பு கேட்கிறது, ஒரு குழந்தை அழுவதுபோலவும் இருக்கிறது. எலினார் என்பவள் பயத்தில் தோழியின் கையைப் பிடித்துக்கொள்கிறாள். பிடி இறுகிக்கொண்டே போகிறது, அவளுக்கு வலிக்கிறது. கத்திக்கொண்டு எழுகிறாள். விளக்கு எரிகிறது. தோழியின் கட்டில் அறையின் அந்தக் கோடியில் இருக்கிறது. அப்படியானால் இவ்வளவு நேரம் அவள் பிடித்திருந்தது யார் கையை? படத்தில் ஒரு பேயும் கண்ணில் படாது. கருப்பு வெள்ளைப் படம், ரத்தம் கிடையாது. அன்றைக்கு ராத்திரி நான் போர்வைக்கு வெளியே கையை நீட்டவில்லை.

தமிழில் வீட்டுக்கென்றே எடுத்ததுபோல ஒரு பேய்ப் படம் உண்டென்றால் அது 'யாவரும் நலம்'. 2009-ல் வந்தது, இயக்கியது விக்ரம் குமார், மாதவன் நடித்தது. கடன் வாங்கி ஃப்ளாட் வாங்கிக் குடிவந்த ஒரு சாதாரணக் குடும்பம். லிஃப்ட் மற்ற எல்லோருக்கும் வேலை செய்யும், அவன் தனியாக ஏறினால் மட்டும் நகராது. பால் திரிந்துபோகும். மத்தியானம் ஒரு மணிக்கு டிவியில் ஒரு சீரியல் ஓடும், அதில் வருவதெல்லாம் இந்த வீட்டிலேயே நடக்க ஆரம்பிக்கும். பேய் கிணற்றிலோ பங்களாவிலோ இல்லை, நாம் தினமும் பார்க்கிற டிவிக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. தியேட்டரில் அது திரையில் தெரியும் ஒரு டிவி. வீட்டில் பார்க்கும்போது நம் டிவியே அதுதான். இதைத் தியேட்டரில் பார்த்தவர்கள்கூட வீட்டில் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பேன்.

சரி, த்ரில்லருக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்தது எழுபது வருடத்துக்கு முந்தைய படம். 'அந்த நாள்', 1954. ஏவி.எம். தயாரிப்பு, எஸ். பாலசந்தர் இயக்கம். வீணை பாலசந்தர் என்று பெயர் வாங்கியவர்தான். தமிழில் பாட்டே இல்லாமல் வந்த முதல் படம், சண்டையோ நடனமோகூட இல்லை. பாட்டுக்கு நடுவே படத்தைத் தேட வேண்டியிருந்த காலத்தில் இது எவ்வளவு துணிச்சல் என்று நினைத்துப் பாருங்கள். வெளிவந்த சமயத்தில் ஓடவில்லை, அதில் ஆச்சரியம் இல்லை. 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட நாட்களில் நடக்கிற கதை. எடுத்த எடுப்பில் ஒரு துப்பாக்கிச் சத்தம், ரேடியோ என்ஜினீயராக வரும் சிவாஜி செத்து விழுகிறார். சிவாஜி உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்த நேரம், அவரை முதல் காட்சியிலேயே கொன்றுவிட்டுப் படத்தை ஆரம்பிக்கிறார்கள்! பிறகு ஜாவர் சீதாராமன் சி.ஐ.டி.யாக வந்து ஒவ்வொருவராக விசாரிக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, மனைவி, ஒரு நடனக்காரி என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஒவ்வொரு கதையிலும் செத்தவன் ஒவ்வொரு மனிதனாக இருக்கிறான்.

கேட்டே பார்க்கிறவருக்கு இந்தப் படம் விருந்து. முழுக்க முழுக்கப் பேச்சு, அதுவும் கூர்மையான பேச்சு. பழைய படங்களில் ஒலி ஒரே தடத்தில் இருக்கும், அதில் குரலுக்குத்தான் முதல் இடம், அதனால் டிவியின் சின்ன ஸ்பீக்கரிலும் ஒரு சொல் விடாமல் கேட்கும். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தவர், ஒருவர் பேசும்போது மட்டும், "இது மனப்பாடம் பண்ணிட்டு வந்து ஒப்பிக்கற மாதிரி இருக்கே" என்றார். அது யார் என்று இங்கே சொல்ல மாட்டேன், நீங்கள் பார்க்க வேண்டும். முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது பிடிபடவில்லை. அதற்கப்புறம் த்ரில்லர் பார்க்கும்போது சில இடங்களில் நானும் கண்ணை மூடிக்கொள்கிறேன். நடிகர் முகத்தில் மறைப்பது குரலில் தெரிந்துவிடுகிறது.

புதிய த்ரில்லர்களில் 'துருவங்கள் பதினாறு' வீட்டுக்கு நல்ல படம். ஓய்வுபெற்ற ஒரு போலீஸ்காரர் தன் பழைய வழக்கைச் சொல்கிறார். ஒரு காட்சி புரியாவிட்டால் பின்னால் ஓட்டிப் பார்க்கலாம், ஓட்டிப் பார்த்தால் படம் ஏமாற்றவில்லை என்பதும் தெரியும். 'ராட்சசன்' எனக்கு ஒத்துவரவில்லை. விறுவிறுப்புக்குக் குறைவே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நடக்கும் கொடுமையை இத்தனை தடவை, இத்தனை பக்கத்தில் காட்ட வேண்டுமா? பாதியில் அம்மா, "போதும், நிறுத்து" என்றார். மீதியை நான் மறுநாள் தனியாகப் பார்த்து முடித்தேன்.

பழைய குடும்பப் படங்கள் எல்லாமே பொக்கிஷம் என்று சொல்வதற்கில்லை. கதையோடு ஒட்டாத நகைச்சுவைப் பகுதி, பத்து நிமிடம் ஓயாத அழுகை வசனம் என்று பலவற்றை ஓட்டிவிட்டுத்தான் பார்க்க முடிகிறது. ஆனால் ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' போன்ற ஒன்றைப் பார்த்தால் நாலு வீட்டுச் சண்டை தேவையில்லை, நாலு சுவர் போதும் என்று தெரிகிறது. 1962-ல் வந்த படம், கிட்டத்தட்ட முழுவதும் ஓர் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடக்கிறது. நோயாளி முத்துராமன், மனைவி தேவிகா, டாக்டர் அவளுடைய பழைய காதலன் கல்யாண்குமார். நான் பிழைக்காவிட்டால் நீ அவரைக் கல்யாணம் செய்துகொள் என்று கணவன் சொல்லிவிடுகிறான். அதற்குப் பதிலாகத்தான் 'சொன்னது நீதானா' வருகிறது. வின்சென்டின் கேமரா அந்தச் சின்ன அறைக்குள்ளேயே அவளைச் சுற்றி நகர்ந்துகொண்டிருக்கும், எங்கும் ஓடிவிட முடியாத அவள் நிலைமைபோலவே. அம்மா இந்தப் படத்தைப் பன்னிரண்டு வயசில் டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்தாராம். அன்றைக்கு எல்லோரும் அழுதார்களே என்று இவரும் அழுதாராம். இப்போது அதே பாட்டைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்பா கடைசியில் மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கூடவே இருந்தவர் அவர்.

வீட்டில் பார்க்கிறவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்லவேண்டும். பழைய படம் போடும்போது டிவி அதை இழுத்து அகலமாக்குகிறதா என்று பாருங்கள். தேவிகாவின் முகம் பூரி மாதிரி உப்பித் தெரிந்தால் செட்டிங்கில் போய்ச் சரிசெய்துவிடுங்கள், ஓரத்தில் கறுப்புப் பட்டை வந்தால் வரட்டும். புதிய படங்களுக்கு டிவியில் 'நைட் மோட்' இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், பேச்சுக்கும் சத்தத்துக்கும் இடையே உள்ள ஏற்ற இறக்கம் குறையும். தெரிந்த மொழி என்றால் சப்டைட்டிலை அணைத்துவிடுவது நல்லது. நடிகர் வாயைத் திறக்கும் முன்பே கொலையாளியின் பெயரைக் கீழே படித்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு படம். பாலு மகேந்திராவின் 'வீடு', 1988. இதிலும் பாட்டு இல்லை. பேய் இல்லை, கொலை இல்லை. வாடகை வீட்டைக் காலிசெய்யச் சொல்லிவிட்டார்கள், ஒரு பெண் கடன் வாங்கிச் சொந்தமாக வீடு கட்டப் பார்க்கிறாள். கான்ட்ராக்டர் சிமென்டைத் திருடுகிறார் என்று தெரியவரும்போது எனக்கு எந்த த்ரில்லரிலும் வராத படபடப்பு வந்தது. அர்ச்சனாவுக்கு இதில் தேசிய விருது கிடைத்தது. ஆனால் என் மனசில் நிற்பது தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர்.

அவர் பாதி கட்டிய வீட்டைப் பார்க்கத் தனியாக வருகிறார். அந்த இடத்தில் பேச்சு கிடையாது, இளையராஜாவின் இசை மட்டும். இத்தனை நேரம் சத்தத்தை வைத்தே படம் தாங்குமா தாங்காதா என்று சொல்லிக்கொண்டிருந்த எனக்கு அங்கே கேட்டது அம்மாவின் குரல்.

"என்ன பண்றார்?"

"வீட்டுக்குள்ள நடக்கறார்மா. சுவரைத் தொட்டுத் தொட்டுப் பாக்கறார்."

"பூசியாச்சா?"

"இல்லைம்மா. வெறும் செங்கல்."

அம்மா ஈஸிசேரிலிருந்து கையை நீட்டி, பக்கத்தில் இருந்த எங்கள் ஹால் சுவரைத் தடவிப் பார்த்தார். "இசையைக் கொஞ்சம் கூட்டி வை," என்றார். மணி பத்தேகால் ஆகியிருந்தது. கூட்டி வைத்தேன்.